பார்க்கலாம், தொட முடியாது

2025 ஜனவரி 12, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே மைதானத்துக்குப் போய்விட்டேன். சோறு ஆக்கியது ரெண்டு மணிக்கு. வீட்டுக்காரர் கிளைவ் முணுமுணுக்கவில்லை. ஆட்டோவை ரோட்டோரம் போட்டுவிட்டு அவரும் எனக்கு முன்னாடியே அங்கே நின்றார்.

எங்கள் தோட்டத்துப் பொண்ணுங்களுக்கும் ஹட்டன் டவுன் பொண்ணுங்களுக்கும் பேஸ்போல் மெட்ச். மூன்று வருடத்துக்கு முன்னே, பள்ளிக்கூடத்து சிவசாமி சேர் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தபோது நாங்கள் எல்லாரும், மட்டையால் பந்தடித்து ஓடுகிற நம்ம ஊர் 'எல்லே'தான் வேறு பேரில் வந்திருக்கிறது என்று சிரித்தோம். இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் பார்க்க வருகிறார்கள்.

இன்று சுலக்‌ஷனா எறிந்தாள். மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பிள்ளை, வயது இருபத்துமூன்று, அணிக்குக் கப்டன். கை சுழன்று வருவது தெரிகிறது, பந்து வருவது தெரியவில்லை. பதினொரு பேர் மூன்று மூன்று தடவை காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாங்கள் 6–0.

என் தங்கச்சி பிரியந்தியும் எறிகிறவள்தான். ஏழு இன்னிங்ஸும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தலுக்குக் காவல் இருந்தாள்.

முடிந்ததும் யாரோ போனை நீட்டி, அடுத்த மாதம் கண்டி அணி வருதே, பயமில்லையா என்று கேட்டார்கள். சுலக்‌ஷனா கெமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "என் பந்தை அவங்க பார்க்கலாம். தொட முடியாது."

இன்னொரு பந்தெறியிறவங்க அணியில இருக்காங்களா என்று அடுத்த கேள்வி.

"எதுக்கு? நான் இருக்கேனே."

பிரியந்தி பக்கத்திலேதான் நின்றாள். பை எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு.


ஜனவரி 15, புதன்

வீடியோ எங்கெங்கேயோ போய்விட்டது. ஹட்டன் ஆட்டோ ஸ்டாண்டில் பொங்கலன்றும் இதே பேச்சாம். கிளைவ் சொன்னார். பாதிப் பேர், பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய்க் கொழுப்பு ஆகாது என்கிறார்களாம். எங்கள் அணிக்கு உடுப்புத் தைக்கிற சூசைரட்ணம் அண்ணன் மட்டும், கையில் சரக்கு இருக்கிறவள் கூவி விற்கிறாள், உங்களுக்கென்ன என்று கேட்டாராம்.

நான் எந்தப் பக்கம்?

அவள் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் பெருமையால் பிடிக்கவில்லையா, என் தங்கச்சியைச் சொன்னதால் பிடிக்கவில்லையா - தெரியல.

பிரியந்தியிடம் கேட்டேன். "அவ பொய் சொல்லலையே அக்கா. என்னைய விட நல்லாத்தானே எறியிறா" என்றாள். எனக்கு அதற்கும் கோபம் வந்தது.


ஜனவரி 23, வியாழன்

பிள்ளைக்காம்பராவில் இன்று உருளைக்கிழங்கு காணாமல் போனது. தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப்போக, நான் பார்த்துக்கொள்கிற பதினாறு பிள்ளைகளில் நாலு பேர் அதைச் சுவரில் எறிந்துகொண்டிருந்தார்கள். "பாக்கலாம், தொட முடியாது" என்று மூன்று வயசுச் சின்னது கத்துகிறது. அதட்டப் போய் சிரித்துவிட்டேன்.


பெப்ரவரி 9, ஞாயிறு

தொட்டார்கள்.

எழுதவே கை கூசுகிறது. ஆனால் இதில் பொய் எழுதி யாருக்கு லாபம்?

கண்டி அணி பஸ்ஸில் வந்து இறங்கும்போதே அந்த வீடியோவைப் போனில் போட்டுச் சத்தமாக வைத்தபடி இறங்கினார்கள். சுலக்‌ஷனா சிரித்தாள். முதல் இன்னிங்ஸ் மூன்று பேரும் காலி. ரெண்டாவது இன்னிங்ஸில் ஒல்லியான ஒரு பிள்ளை, அவளுடைய மூன்றாவது பந்தைத் தேயிலைக்குள்ளேயே அடித்தாள். அடுத்தவளும் அடித்தாள். அதற்கடுத்தவளும். சுலக்‌ஷனா வேகத்தைக் கூட்டக் கூட்ட, பந்து வேகமாகத் திரும்பிப் போனது. ஒரே இன்னிங்ஸில் ஏழு ரன்.

சிவசாமி சேர் மைதானத்துக்குள் நடந்து போய் ஏதோ சொன்னார். அவள் பந்தைக் கொடுக்காமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள், சின்னப்பிள்ளை மாதிரி. சேர் திரும்பி வந்துவிட்டார். பிரியந்தி கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

9–1.

எங்கள் ஆட்களே கத்தினார்கள், "தொட முடியாதாமே!" என்று. நாலு வாரத்துக்கு முன்னே அவளைத் தூக்கிக்கொண்டு ஆடிய அதே ஆட்கள். நான் கத்தவில்லை. ஆனால் ஏழாவது ரன் போனபோது என் மனசுக்குள் ஒன்று கை தட்டியது. நல்லா வேணும் என்று. காலையில்தான் நற்கருணை வாங்கிய வாய்.


பெப்ரவரி 10, திங்கள்

விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிடும்போது, சுலக்‌ஷனா பேருக்கு எல்லாரும் கை தட்டினார்களாம். வேண்டுமென்றே.

அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாளாம்.


பெப்ரவரி 13, வியாழன்

ஐந்தரைக்குப் பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு வரும்போது மைதானத்துப் பக்கம் பந்துச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சுலக்‌ஷனா எறிந்துகொண்டிருந்தாள். எதிரே குந்தி இருந்து பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தது - என் தங்கச்சி.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். பிரியந்தி ஹட்டன் புடவைக் கடையில் வேலை முடிந்து இந்த மூன்று நாளும் பிந்தி வந்தது இதற்குத்தானா? பஸ் இல்லை என்றாளே என்னிடம்.

பந்து சரியாக வரவில்லை. பிரியந்தி எழுந்து போய் அவள் விரலைப் பிடித்து ஏதோ காட்டினாள். பிரியந்தியிடம் ஒரு மெதுவான பந்து இருக்கிறது. வேகமாக வருகிற மாதிரியே கை வரும், பந்து மட்டும் சோம்பேறி மாதிரி வரும். அதைச் சொல்லிக் கொடுக்கிறாள். தன் இடத்தில் இருக்கிறவளுக்கு!

தங்கச்சி தண்ணீர் பிடிக்கப் போனபோது சுலக்‌ஷனா என்னைப் பார்த்துவிட்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஏன் புள்ள அவ்வளவு பேசினே, பேசாம இருந்திருந்தா இவ்வளவு அவமானம் இல்லையே என்றேன்.

அவள் பந்தைப் பாவாடையில் துடைத்தபடி சொன்னாள்: "ஜொய்சிக்கா, பேசாம எறிஞ்சேன் ரெண்டு வருஷம். அப்ப யாரு வந்து பாத்தீங்க? பேசுன பெறகுதான எல்லாரும் வந்தீங்க. தோக்கிறதப் பாக்கவாவது வந்தீங்க."

அந்த ரெண்டு வருடம் என் தங்கச்சி விளையாட்டையே நான் போய்ப் பார்த்ததில்லை.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, பிரியந்தியைப் பற்றிச் சொன்னது தப்பு, அதை அவளிடம் சொல்லிவிட்டேன் என்றாள்.


பெப்ரவரி 16, ஞாயிறு

சிவசாமி சேர் இன்று எங்கள் கூட்டத்தோடு நின்று பேசினார். உலகத்திலேயே நல்லா அடிக்கிறவன்கூட பத்துத் தடவைக்கு ஏழு தடவை தோற்றுத்தான் திரும்புவானாம். பத்துக்கு மூன்று அடித்தால் அவன் பெரிய ஆளாம். வேறு எந்த வேலையில் பத்துக்கு மூன்று செய்து பேர் வாங்கலாம் என்று சூசைரட்ணம் அண்ணன் கேட்டார். பத்து சட்டையில் ஏழைக் கோணலாகத் தைத்தால் என் கடையை எரித்துவிடுவீர்களே என்றார். சிரித்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பணிவாக இருப்பவனையும் இந்த விளையாட்டு ஏழு தடவை திருப்பி அனுப்புகிறது. பெருமை பேசுகிறவனையும் அதே ஏழு தடவைதான். அப்படியானால் சுலக்‌ஷனா தோற்றது அவள் வாயால் இல்லை. நாங்கள்தான் கணக்கை வாயின் பேரில் எழுதிவிட்டோம்.


பெப்ரவரி 25, செவ்வாய்

தோட்டத்து ஒபிஸ் சுவரில் அறிவித்தல். மைதானம் ஏப்ரல் மாத முடிவில் மூடப்படும். பழைய பங்களாவை ஹோட்டலாக்குகிறார்கள், வருகிற வெள்ளைக்காரர்களின் வாகனம் நிறுத்த இடம் வேண்டுமாம்.

எல்லாரும் வாசித்தோம். எல்லாரும் வேலைக்குப் போனோம்.


பெப்ரவரி 27, வியாழன்

எல்லாரும் இல்லை. சுலக்‌ஷனா ஒபிஸுக்குள் போய், எங்க அப்பா காலத்துலேருந்து விளையாடுற இடம், எங்களைக் கேக்காம எப்படி எடுப்பீங்க என்று, தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையிடமே கேட்டுவிட்டாள். மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வெளியே கூட்டி வந்து, இனி வாயைத் திறந்தால் செக்ரோலில் பேரை வெட்டி வேலையை எடுத்துவிடுவோம் என்றாராம்.

சாயந்திரம் சிவசாமி சேர் அவளிடம் கெஞ்சினார், மார்ச்சில் நடக்கிற கிண்ண டூர்னமென்ட் முடியும் வரைக்கும் பேசாதே என்று. நானும் அதையே சொன்னேன். பிரியந்தியும் விளையாட வேண்டுமே, அணியே கலைந்துபோனால்?

"பெருமை பேசுனப்ப சிரிச்சீங்க. நியாயம் பேசுறப்ப வாயப் பொத்துறீங்க. ரெண்டும் ஒரே வாய்தானே அக்கா" என்றாள்.

சரி, பேசவில்லை, கிண்ணம் வருகிற வரைக்கும் என்றும் சொன்னாள்.


மார்ச் 9, ஞாயிறு

அரையிறுதி. கொத்மலை அணியை 4–0. அவளுடைய வேகப் பந்துக்கு நடுவில் அந்தச் சோம்பேறிப் பந்தும் வந்தது. அடிக்கிறவர்கள் முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிட்டுத் தங்களைத் தாங்களே சுற்றி நின்றார்கள்.

இறுதியில் மறுபடி கண்டி.


மார்ச் 23, ஞாயிறு. நுவரெலியா

ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ரெண்டு பஸ், கிளைவோடு சேர்த்து ஏழு ஆட்டோ. குளிர் எலும்புக்குள் போனது. மைதானத்தின் அந்த மூலையில் மூடுபனி, நிற்கிற பிள்ளை தெரிவதும் மறைவதுமாக.

கண்டிப் பிள்ளைகள் நன்றாகவே விளையாடினார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். நாலாவது இன்னிங்ஸில் அவர்கள் 2–0. ஐந்தில் எங்கள் பக்கம் ரெண்டு பேர் பேஸில் நிற்க, சுலக்‌ஷனா மட்டையோடு போனாள். அதற்கு முன் ரெண்டு தடவையும் காற்றை அடித்துத் திரும்பியவள். மூன்றாவது தடவை அடித்தது பனிக்குள் போனது. ஒரு நொடி யாருக்கும் பந்து தெரியவில்லை. பிறகு வேலிக்கு அப்பால் ரோட்டில் நின்ற பஸ் டிரைவர் கையை உயர்த்திப் பந்தைக் காட்டினார். மூன்று ரன். 3–2. சூசைரட்ணம் அண்ணன் என் குடையை உடைத்துவிட்டார்.

கடைசி இன்னிங்ஸ். ரெண்டு பேர் காலி, இன்னும் ஒருத்திதான். ஆனால் அதற்குள் கண்டிக்கு மூன்று பேஸிலும் ஆள். சுலக்‌ஷனாவுக்குக் கை போய்விட்டது, பார்த்தாலே தெரிந்தது. கடைசியாக வந்தவளுக்கு நாலு பந்தும் கோணலாகப் போய், அவள் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்தாள். அடுத்து வந்தது அந்த ஒல்லிப் பிள்ளை. பெப்ரவரியில் தேயிலைக்குள் அடித்தவள்.

நாங்கள் எல்லாரும் சுலக்‌ஷனா, சுலக்‌ஷனா என்று கத்தினோம்.

அவள் எறியவில்லை. கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, சிவசாமி சேர் நின்ற இடத்துக்கு நடந்தாள். சேர் அவளைக் கூப்பிடவே இல்லை. நாங்கள் அந்தப் பக்கம்தான் நின்றோம், அவள் சொன்னது காதில் விழுந்தது.

"சேர், இன்னைக்கு இதுக்கு மேல என்னால ஏலாது. பிரியந்தியப் போடுங்க."

அன்றைக்குப் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தவள், இன்றைக்கு நடந்து போய் என் தங்கச்சி உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு முதல் பேஸில் போய் நின்றாள். அதுவரை அங்கே நின்ற எங்கள் பிள்ளை வெளியே வந்தாள்.

கிளைவ் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முதல் பந்து கோணல். ரெண்டாவதும். மூன்றாவதும். இன்னும் ஒன்று கோணலாகப் போனால் அந்தப் பிள்ளை சும்மா நடப்பாள், ஒரு ரன் தானாக வந்து சமனாகிவிடும். கண்டி ஆட்கள் எழுந்து நின்றார்கள். மாதாவே, இந்தப் பிள்ளையை ஏன் கொண்டுவந்து இந்த இடத்துல நிறுத்துன - அப்படித்தான் வேண்டினேன். அதை வேண்டுதல் என்று சொல்வதா?

பிரியந்தி கையை உதறிக்கொண்டாள். சோம்பேறிப் பந்து. ஒல்லிப் பிள்ளை அவசரப்பட்டுச் சுழற்றினாள், ஒன்று. மறுபடி அதே பந்து. மட்டையில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது, ரெண்டு.

அடுத்தது வேகமாக எறிந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. மட்டை நுனியில் பட்டு, பந்து தரையில் குதித்து நேரே அவளிடமே வந்தது. தங்கச்சி அதைப் பிடித்தாள், நழுவவிட்டாள், ஐயோ, மண்டியிட்டுப் பொறுக்கி, மண்டியிட்டபடியே முதல் பேஸுக்கு எறிந்தாள். சுலக்‌ஷனா ஒரு காலைப் பேஸில் வைத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் நீட்டினாள்.

பிடித்தாள்.

அடித்தவள் பேஸை எட்டுமுன்னே பந்து வந்துவிட்டது, மூன்றாவது ஆளும் காலி, கிண்ணம் எங்களுக்கு. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் எனக்கு ஞாபகமில்லை. ஒரு செருப்பைக் காணவில்லை. அது மட்டும் உண்மை.

பரிசு கொடுக்கும்போது கப்டனை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சிவசாமி சேர் கண்ணை மூடிக்கொண்டார். கிண்ணம் வந்துவிட்டதே, இனி அவள் வாக்கு முடிந்தது.

சுலக்‌ஷனா சிங்களத்தில் பேசினாள், மேடையில் இருந்த அதிகாரிகள் எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்று. அவங்க நல்லா விளையாடினாங்க, போன தடவை நாங்க தோற்றதும் நியாயம்தான் என்று கண்டிப் பிள்ளைகளைச் சொன்னாள். பிறகு, இந்தக் கிண்ணத்தை அடுத்த வருடம் காப்பாற்ற எங்களுக்குப் பழகுவதற்கு இடமில்லை, எங்கள் மைதானத்தில் கார் நிற்கப் போகிறது, அதைக் கேட்டதற்கு என் பேரை வெட்டுவோம் என்றார்கள் என்றாள். குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை.

முதலில் கை தட்டியது கண்டிப் பிள்ளைகள். நான் ஒற்றைச் செருப்போடு கதிரையில் ஏறி நின்று, "சொல்லு புள்ள, சொல்லு" என்று கத்தினேன். நான்தான். பேசாதே என்று புத்தி சொன்ன நானேதான்.


மார்ச் 26, புதன்

பேப்பரில் வந்திருக்கிறது. படத்தோடு. ஒபிஸிலிருந்து அவளுக்கு இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை. பேரை வெட்டுவார்களா?


ஏப்ரல் 2, புதன்

பெரட்டுக்குப் போகவேண்டிய நேரத்தில் இருநூறுக்கு மேல் பெண்கள் கூடையோடு மைதானத்தில் போய் நின்றோம். கோஷம் இல்லை, கொடி இல்லை. பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளை நான் வரிசையாகக் கூட்டிப் போனேன். அன்றைக்குக் கை தட்டிக் கேலி செய்தவர்கள்தான் முன்வரிசை.

பெரிய தொரை ஜீப்பில் வந்தார். ஒரே கேள்விதான் கேட்டோம்: எங்களைக் கேட்டீங்களா? அவர் மைதானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மேலே பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார். ஏழரைக்கு மலைக்குப் போய்விட்டார்கள் எல்லாரும்.


ஏப்ரல் 10, வியாழன்

பழைய அறிவித்தலைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டியிருக்கிறார்கள். வாகனத் தரிப்பிடம் பழைய ஸ்டோருக்குப் பக்கத்தில். மைதானம் மைதானமாகவே இருக்கும். சுலக்‌ஷனா பேர் செக்ரோலில் அப்படியே இருக்கிறது.

மூன்று தடவை வாசித்தேன். பிறகு வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மூன்று தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன்.


ஏப்ரல் 20, பாஸ்கு ஞாயிறு

சுலக்‌ஷனா சாப்பிட வந்தாள். சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை, பாஸ்குக் கேக்கில் நாலு துண்டு சாப்பிட்டாள். அடுத்த வருடம் ஒரு ரன்கூடக் கொடுக்க மாட்டாளாம். திருந்தவில்லை. திருந்தவும் வேண்டாம்.


ஏப்ரல் 27, ஞாயிறு

பள்ளிக்கூடத்துச் சிறுமிகளோடு சும்மா ஒரு மெட்ச். கிண்ணம் எடுத்த அணி 5–3 தோற்றது. சுலக்‌ஷனா மட்டை பிடித்த நாலு தடவையும் காலி, கடைசி ரெண்டும் பதிமூன்று வயசுப் பிள்ளையின் பந்தில். அந்தப் பிள்ளை பயந்துபோய் மன்னிப்புக் கேட்டது. "எதுக்கு? ஓடிப்போய் எல்லார்கிட்டயும் சொல்லு" என்றாள் இவள்.


மே 18, ஞாயிறு

எல்லாருக்கும் பொதுவான தண்ணீர்ப் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கீழே படிக்கட்டில் சுலக்‌ஷனா கத்திக்கொண்டே ஏறி வருவது கேட்டது. தேசிய அணிக்குப் பழக்க எடுக்கிறவர்களின் பட்டியல் இந்த வாரம் வரும் என்று சிவசாமி சேர் சொல்லியிருந்தார். சரி, கிடைத்துவிட்டது இவளுக்கு, இனி ஒரு வருடத்துக்குக் காது கொடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கிட்டே வந்த பிறகுதான் என்ன பேர் என்று விளங்கியது.

பிரியந்தி தலையில் சவர்க்கார நுரையோடு வெளியே ஓடிவந்தாள். சுலக்‌ஷனா அவளை நுரையோடேயே தூக்கிச் சுற்றினாள். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரே பேர்தானாம். பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு, அப்ப உன் பேரு என்று கேட்டுவிட்டாள்.

சுலக்‌ஷனா தூக்கியவளை இறக்கிவிட்டாள். "இல்ல பெரியம்மா. இந்தத் தடவ இல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை. பிறகு முகத்தைப் பீலித் தண்ணீரில் கழுவிக்கொண்டு, அடுத்த லயத்து வீடுகளுக்குச் சொல்ல ஓடினாள். அதற்கடுத்த லயத்துக்கும்.

கடைசி லயத்தின் கோடிக் காம்பராவில் சின்னராசா இருக்கிறார், அவருக்குக் காது மந்தம். அவருக்காக வாசலில் நின்று, மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி, என் தங்கச்சி பேரை இன்னொரு தடவை சொன்னாள்.